பொறுப்பானவர் வெளிநாடு போய்விட்டார்: அந்த இடத்துக்கு யார்?

கொழும்பில் இப்போது எந்த முதலாளியோடு பேசினாலும் சற்று நேரத்தில் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. ஒரு பிரிவையே தனியாகத் தாங்கிக்கொண்டிருந்தவர், விசா கிடைத்ததும் ஒரு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அடுத்து யாரைப் போடுவது? 2022இல் மட்டும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்துகொண்டு போனவர்கள் 3 லட்சத்துக்கும் மேல். மாணவர் விசாவில் போனவர்களும் குடும்பத்தோடு குடியேறப் போனவர்களும் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். எரிபொருள் வரிசையும் மின்வெட்டும் முடிந்த பிறகும் போகிறவர்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள்.

நான் சிறிய, நடுத்தர நிறுவனங்களுக்கு ஆளணி விஷயங்களைப் பார்த்துக் கொடுக்கிறவள். எல்லா அலுவலகத்துக்கும் பொருந்துகிற பதில் இதற்குக் கிடையாது. அதனால் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வகை அலுவலகத்தை எடுத்துக்கொள்கிறேன்: புறக்கோட்டைப் பக்கம் மாடிப்படி ஏறிப் போனால் இருக்கிற கிளியரிங் அலுவலகம், அதாவது வியாபாரிகளின் இறக்குமதிச் சரக்கைச் சுங்கத்தில் இருந்து விடுவித்துக் கொடுக்கிற இடம். இருபது பேர் மட்டில் வேலை செய்வார்கள். மேசையில் இருந்து கஸ்டெக் (சுங்கப் பிரகடனம்) அடிக்கிறவர்கள் ஒரு பாதி, துறைமுகத்திலும் கொன்டெய்னர் யார்டிலும் நிற்கிற வாஃப் கிளார்க்குகள் மறு பாதி. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் எல்லாரும் இருப்பார்கள். வேறு தொழிலில் இருப்பவர்கள் பெயர்களை மட்டும் மாற்றிக்கொண்டு வாசிக்கலாம்.

ஆளைத் தேடுவதற்கு முன்னால் போனவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று பாருங்கள். நியமனக் கடிதத்தில் உள்ளதைச் சொல்லவில்லை. ஒரு காலை நேரத்தை எடுத்துக்கொள்வோம். எட்டரை மணிக்கு ஒரு என்ட்ரி (கஸ்டெக்தான்) ரெட்டில், அதாவது சுங்கம் சரக்கைச் சோதிக்கிற வரிசையில், விழுகிறது. கொன்டெய்னரை ஒருகொடவத்தை யார்டுக்குக் கொண்டுபோய்த் திறந்து காட்டவேண்டும். இன்வொய்ஸில் பொருளின் பெயர் ஒரு மாதிரி, பாக்கிங் லிஸ்டில் இன்னொரு மாதிரி. முதலாம் குறுக்குத் தெருவில் இருந்து வியாபாரி மூன்றாவது தடவை எடுக்கிறார். சரக்கை எடுப்பதற்கான டெலிவரி ஓடருக்குப் போன பையன் கப்பல் கொம்பனியின் கவுண்டரில் நின்றுகொண்டு இன்னும் காசு தேவை என்கிறான். டெமரேஜ், அதாவது தாமதக் கட்டணம், டொலரில் ஏறுகிறது. இந்த நேரத்தில் போனவர் செய்த வேலை மூன்று. எந்த அழைப்பை முதலில் எடுப்பது என்று முடிவெடுத்தார். வியாபாரியிடம் உண்மையைச் சொன்னார், ஆனால் அவர் பதறாத மாதிரிச் சொன்னார். பாக்கிங் லிஸ்ட் பிழைக்கு யாரையும் எல்லார் முன்னாலும் ஏசவில்லை. இந்த மூன்றும் எந்தக் கோப்பிலும் எழுதப்பட்டிருக்காது. நீங்கள் நிரப்பப் போகிற வெற்றிடம் அதுதான்.

ஒப்பிடும்போது நான் வைக்கிற அளவுகோல் ஒன்று. நீங்கள் போடப்போகிற ஆளும் இரண்டு வருடத்தில் போய்விடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாளில் அலுவலகத்தில் என்ன மிச்சமிருக்கும்? யார் அதிகத் திறமைசாலி, யார் விசுவாசமானவர் என்ற கேள்விகளை இதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். நிரந்தரமாக இருக்கப் போகிற ஒருவரைத் தேடித் தேடியே மாதக்கணக்கில் நாற்காலியைக் காலியாக வைத்திருக்கிற முதலாளிகளைப் பார்க்கிறேன். அப்படி ஒருவர் இருக்கிறார் என்று நம்பித் திட்டம் போடக்கூடிய காலம் இது இல்லை.

சரி, முதல் தெரிவு: மூத்தவர்.

அலுவலகத்தில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிற வாஃப் கிளார்க் ஒருவர் இருப்பார். தமிழ்ப் பிள்ளைகளுக்கு அண்ணை, சிங்களப் பையன்களுக்கு அய்யா. சுங்கத்தில் எந்த மேசைக்கு எந்த நேரத்தில் போகவேண்டும் என்று அவருக்குத் தெரியும். நிரப்பின தாளைப் பார்த்த உடனேயே எங்கே கேள்வி வரும் என்று சொல்வார். வாகன இறக்குமதியை 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். அந்த ஐந்து வருட இடைவெளியில் சேர்ந்த பிள்ளைகள் ஒரு வாகனத்தைக்கூடக் கிளியர் பண்ணிப் பார்த்ததில்லை. திறந்த உடன் எல்லா அலுவலகங்களும் தேடியது இப்படிப்பட்ட மூத்தவர்களைத்தான். அந்த நேரத்தில் ஒரு மூத்தவரின் பெறுமதியை நேரில் பார்த்தவர்கள் அவரை எளிதில் ஒதுக்கமாட்டார்கள். நானும் ஒதுக்கமாட்டேன்.

அவரிடம் இன்னொரு பலமும் உண்டு. வீடு வத்தளையிலோ கொட்டாஞ்சேனையிலோ, பிள்ளைகள் படிக்கிறார்கள், வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பெரும்பாலும் அவர் விமானம் ஏறப்போவதில்லை. 2021ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு தனியார் துறையிலும் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 ஆகிவிட்டது. ஆகவே சில வருடங்கள் நிச்சயம்.

ஆனால் என் அளவுகோலில் வைத்தால் அவர் தடுமாறுகிறார். அவர் அறிந்தது எல்லாம் அவர் தலையில்தான் இருக்கிறது, அது அவரோடேயே போய்விடும். அதற்காக அவரைக் குறை சொல்லக்கூடாது. தன்னைத் தவிர வேறு ஆளுக்குத் தெரியாது என்பதுதான் இத்தனை வருடமும் அவருடைய வேலைக்கு இருந்த பாதுகாப்பு. அதை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டால் அவர் காதில் வேறு மாதிரித்தான் விழும். அத்துடன் ஆட்களை வழிநடத்துவது வேறு வேலை. லீவு கேட்கிற பிள்ளைக்கு இல்லை என்று சொல்லவேண்டும், பிழை விட்டவனைக் கூப்பிட்டுத் தனியாகப் பேசவேண்டும், பகல் முழுக்க மேசையில் இருக்கவேண்டும். துறைமுகத்தில் நாலு பேரோடு கதைத்து வேலை முடித்துப் பழகினவருக்கு இது ஒரு தண்டனை மாதிரி ஆகிவிடுகிறது. நாட்படியும் ஓவர்டைமும் நின்றுபோய், பதவி உயர்ந்தும் கைக்கு வருகிற காசு குறைந்த கதைகள் உண்டு. ஆகவே அவரை உயர்த்துவதா இல்லையா என்று நீங்கள் மட்டும் உட்கார்ந்து தலையைப் பிய்க்கவேண்டாம். அவருக்கு அந்த வேலை பிடிக்குமா என்று அவரிடமே கேளுங்கள். பல முதலாளிகள் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை.

காசுக் கணக்கையும் பார்த்துவிடுவோம், ஏனென்றால் இங்கேதான் பலருக்கு அதிர்ச்சி. அடிப்படைச் சம்பளத்தை மாதம் 40,000 ரூபாய் கூட்டினால், ஊழியர் சேமலாப நிதிக்கு 12 சதவீதம், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 சதவீதம் என்று முதலாளிக்கு மாதம் இன்னும் 6,000. அது எல்லாருக்கும் தெரியும். தெரியாதது பணிக்கொடை. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில், ஐந்து வருடம் முடித்தவருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் கொடுக்கவேண்டும். 1983ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் கணக்கிடுவது கடைசியாக வாங்கிய சம்பளத்தை வைத்து. ஆகவே 22 வருடம் முடித்தவருக்கு இன்று 40,000 கூட்டினால், அவருக்குச் சேரவேண்டிய பணிக்கொடை அந்தக் கணமே 440,000 ரூபாயால் ஏறிவிடும். இதைக் காரணம் காட்டி மூத்தவரின் சம்பளத்தை அப்படியே வைத்திருக்கிற இடங்கள் இருக்கின்றன. அது அநியாயம். அந்தக் காசு அவர் உழைத்த வருடங்களுக்கானது. முன்கூட்டியே கணக்கில் எடுத்து ஒதுக்கி வையுங்கள், அவ்வளவுதான்.

இரண்டாவது, உள்ளேயே இருக்கிற இளையவர்.

இவர் பெரும்பாலும் மேசைப் பக்கத்தில் இருப்பார். இன்றைக்கு அநேக இடங்களில் இவர் ஒரு பெண்பிள்ளை. வயது முப்பதுக்குள். மலையகத்திலோ வடக்கிலோ பிறந்து, வெள்ளவத்தையில் போர்டிங்கில் இருந்து வருகிறவராக இருக்கலாம். சுங்கத்தின் கணினி முறையான அசிகுடாவில் என்ட்ரி போடுவதில் அலுவலகத்திலேயே வேகமானவர். மூன்று மொழியிலும் சமாளிப்பார். வெளிநாட்டு ஏஜென்டுக்கு ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதிவிட்டு, அடுத்த நிமிடம் பேலியகொடைக் களஞ்சியத்தில் நிற்கிற லொறி டிரைவரோடு சிங்களத்தில் கதைப்பார். எந்தக் கொன்டெய்னர் எங்கே நிற்கிறது என்று எல்லாரும் பார்க்கிற ஒரு பட்டியலை யாரும் கேட்காமலே தொடங்கியவரும் அவராகத்தான் இருப்பார். என் அளவுகோலில் அந்தப் பட்டியலுக்கு நிறையப் புள்ளி உண்டு. அவர் போனாலும் அது இருக்கும். இந்தத் தலைமுறை வேலை செய்தால் தடம் விழுகிறது. எழுதி வைக்கிறார்கள், படம் எடுத்து வைக்கிறார்கள், குழுவில் போடுகிறார்கள்.

அவருக்கு எதிராக இரண்டு விஷயம் சொல்வார்கள். ஒன்று, அவரும் வெளிநாடு போவதற்காகச் சனிக்கிழமைகளில் ஐஎல்ட்ஸ் ஆங்கிலப் பரீட்சை வகுப்புக்குப் போகிறார். போகட்டும். அதனால் அவரை உயர்த்தாமல் விட்டால் அவர் போவது இன்னும் சீக்கிரமாகும், அது மட்டும்தான் நடக்கும். இரண்டு வருடம் அவர் நன்றாக நடத்தி, தனக்குக் கீழே இரண்டு பேரைத் தயார் செய்துவிட்டுப் போனால் எனக்கு அது லாபம்.

இரண்டாவது விஷயம் உண்மையான கஷ்டம். நேற்றுவரை அண்ணை என்று கூப்பிட்டவருக்கு இன்று வேலை சொல்லவேண்டும். அவர் இவரைப் பிள்ளை என்பார், தங்கச்சி என்பார். அதில் தவறு இல்லை. ஆனால் வேலை சொன்னதும் “சரி பிள்ளை” என்று தலையாட்டிவிட்டு, படியிறங்கும்போதே முதலாளிக்குப் போன் அடிப்பார். முதல் மூன்று மாதம் இந்தப் போன் வந்துகொண்டே இருக்கும். இந்த நியமனம் நிலைப்பதும் கவிழ்வதும் அந்தப் பிள்ளையின் கையில் இல்லை, அந்தப் போனை எடுக்கிற முதலாளியின் கையில்தான் இருக்கிறது. “நீங்கள் முதலில் அவவோட கதையுங்கோ, தேவையெண்டால் பிறகு நான் வாறன்” என்று ஒவ்வொரு தடவையும் சொன்னால் போன் மெல்லக் குறையும். ஒரு தடவை, அவசரத்தில், “சரி நீங்கள் சொல்லுற மாதிரிச் செய்யுங்கோ” என்று சொல்லிவிட்டால் போதும், அன்றைக்கே அலுவலகம் முழுவதற்கும் தெரிந்துவிடும், அந்த நாற்காலிக்கு அதிகாரம் இல்லை என்று. மரியாதையை வயதுக்குக் கொடுக்கலாம், முடிவை நாற்காலிக்குக் கொடுக்கவேண்டும் என்பதை முதலாளி முதலில் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளவேண்டும்.

வீட்டில் இருந்து வேலை செய்யும் விஷயமும் இவரோடு சேர்ந்தே வரும். கஸ்டெக் அடிக்கிறவர்கள் கிழமையில் இரண்டு நாள் வீட்டில் இருந்து செய்யலாம், அது பஸ் காசையும் நேரத்தையும் மிச்சப்படுத்தும். ஆனால் வாஃப் கிளார்க் துறைமுகத்தை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. ஒரு பாதிக்கு வசதி, மறு பாதிக்கு வெயில் என்றால் மனக்கசப்பு வரும். அந்த வசதியை அறிவிக்கிற அதே நாளில் வெளியில் நிற்பவர்களுக்கும் ஏதாவது கொடுங்கள். கூடுதல் நாட்படியோ, முறை வைத்து ஒரு சனிக்கிழமை லீவோ, எதுவென்றாலும் சரி.

மூன்றாவது, வெளியாள். பெரிய நிறுவனம் ஒன்றில் இருந்து அனுபவமுள்ள ஒருவரை எடுப்பது. முதலாளிகளுக்கு இதில்தான் ஆசை அதிகம், ஏனென்றால் உள்ளே யாருடைய மனமும் நோகாது என்று நினைக்கிறார்கள். நடப்பது வேறு. மூத்தவரும் இளையவரும் இரண்டு பேருமே நோவார்கள்.

அவருக்கு 250,000 ரூபாய் பேசுகிறீர்கள் என்று வைப்போம். 2025 ஏப்ரலில் இருந்து மாதம் 150,000 வரை வருமான வரி இல்லை. அதற்கு மேலே உள்ளதற்கு 6 சதவீதத்தில் தொடங்கிப் படிப்படியாக ஏறி, உச்சத்தில் 36க்குப் போகும். 250,000க்கு வரி 8,000 ரூபாய். முழுச் சம்பளத்துக்கும் சேமலாப நிதி பிடித்தால் அவருடைய பங்கு 20,000. கைக்கு 222,000. உங்கள் பங்கான 15 சதவீதத்தையும் சேர்த்தால் உங்களுக்குச் செலவு 287,500. இந்த இடைவெளியை இரண்டு பேரும் மேசையில் வைத்துப் பேசாவிட்டால், மூன்றாம் மாதம் அவர் ஏமாந்துவிட்டதாக நினைப்பார், நீங்களும் அப்படியே நினைப்பீர்கள். அவருடைய சம்பளம் உள்ளே கசியாமல் இருக்கும் என்றும் எதிர்பார்க்கவேண்டாம்.

வெளியாள் சரியாக வராவிட்டால் என்ன செய்வது? 15 பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற இடங்களுக்கு 1971ஆம் ஆண்டின் தொழில் முடிவுறுத்தல் சட்டம் பொருந்தும். ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதென்றால் அவருடைய எழுத்து மூலமான சம்மதம் வேண்டும், அல்லது தொழில் ஆணையாளரின் முன் அனுமதி வேண்டும். 180 நாள் வேலை செய்யாதவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே ஆறு மாதம் முடிவதற்குள் நேர்மையாகப் பார்த்து முடிவெடுங்கள். நாலாம் மாதத்திலேயே அவரோடு உட்கார்ந்து, எது நடக்கிறது, எது நடக்கவில்லை என்று சொல்லவேண்டும். ஆறாம் மாதம் திடீரென்று கடிதம் கொடுப்பது முறையில்லை.

வெளியாளை நான் பரிந்துரைக்கிற ஒரு இடம் உண்டு. உள்ளே இரண்டு கட்சியாகப் பிரிந்து, எந்தப் பக்கத்தில் இருந்து எடுத்தாலும் மறு பக்கம் வேலை செய்யாது என்ற நிலை வந்துவிட்டால், வெளியில் இருந்து ஒருவர் வருவதுதான் எல்லாருக்கும் நிம்மதி. மற்றபடி, வரும்போது வாடிக்கையாளர்களைக் கொண்டுவருகிறவர் போகும்போது உங்களுடையவர்களையும் சேர்த்துக் கொண்டுபோவார். மிச்சமிருப்பது எது என்ற கேள்விக்கு இங்கே பதில் மிக மெலிவு.

நாலாவது தெரிவு, வேலையை இரண்டாகப் பிரித்து மூத்தவருக்குத் துறைமுகம், இளையவருக்கு மேசை என்று கொடுப்பது. கேட்க நன்றாக இருக்கும். யாரும் நோகவில்லை, இரண்டு பேருக்கும் பதவி. ஆனால் ரெட்டில் விழுந்த அந்த என்ட்ரியை நினைத்துப் பாருங்கள். என்ட்ரி பிழை என்கிறது துறைமுகம், துறைமுகத்தில் தாமதம் என்கிறது மேசை. வியாபாரி யாரிடம் கேட்பார்? கடைசியில் முதலாளியிடம் வருவார். சமமான இரண்டு தலை வைத்த இடங்களில் முதலாளியே மூன்றாவது தலையாகி, முன்னரைவிட அதிக வேலை செய்கிறார்.

முதலாளியே கொஞ்ச நாளைக்குப் பார்த்துக்கொள்வது ஐந்தாவது. ஒரு மாதத்துக்குச் சரி. அதற்கு மேல் போனால் அவர் புது வியாபாரம் தேடுவது நின்றுவிடும்.

என் தெரிவு இளையவர். ஆனால் நாலாவது தெரிவில் இருந்து ஒரு பாதியை எடுத்துச் சேர்த்துக்கொள்வேன். பிரிவின் பொறுப்பு அவருக்கு, கடைசிச் சொல்லும் அவருக்கு. மூத்தவருக்குத் துறைமுகப் பொறுப்பு, தனியான பதவிப் பெயர், உண்மையான சம்பள உயர்வு. எந்த வேலையில் யாரையும் கேட்காமல் தானே முடிவெடுக்கலாம் என்பதும் எழுத்தில் இருக்கவேண்டும்: யார்டுக்கு யாரை அனுப்புவது, அவசரத்துக்கு எவ்வளவு காசு வரை செலவழிப்பது, எந்தப் பொருளுக்கு எந்தத் தாள் முதலில் என்பன போல. இளையவரின் நியமனக் கடிதத்தில் ஒரு வரி கட்டாயம் சேர்ப்பேன்: ஆறு மாதத்துக்குள் ஒவ்வொரு வேலையும் குறைந்தது இரண்டு பேருக்குத் தெரிந்திருக்கவேண்டும், அதைப் பார்ப்பது அவருடைய வேலை. சம்பள மீளாய்வில் முதலில் கேட்கப்படுவதும் அதுதான்.

மூத்தவரின் அறிவை எடுப்பதற்கு அவரை எழுதச் சொல்லத் தேவையில்லை. ஒரு இளையவரை அவரோடு துறைமுகத்துக்கு அனுப்பினால் போதும். போகிறவன் எழுதட்டும், அண்ணை திருத்தட்டும். வாகனக் கிளியரிங்கை அப்படித்தான் எடுத்து வைக்கவேண்டும். 2025 ஏப்ரலில் மேற்குக் கொன்டெய்னர் முனையம் இயங்கத் தொடங்கியது. புது முனையம் என்றால் புது வாசல், புது ஒழுங்கு. அதை எல்லாரும் ஒரே நேரத்தில் படிக்கவேண்டியிருந்ததால், மூத்தவரும் இளையவரும் பக்கத்தில் நின்று படித்த இடங்களில் இந்தப் பழக்கம் தானாகவே வந்தது.

இந்தத் தெரிவு எப்போது பொருந்தாது? அலுவலகத்தில் ஏழெட்டுப் பேர்தான் என்றால் இரண்டு பதவிக்கு இடமில்லை, மூத்தவரையே போட்டு ஒரு நல்ல உதவியாளரைக் கொடுங்கள். அடுத்த ஒரு வருடத்துக்கு உங்கள் வருமானம் முழுவதும் வாகனங்களில்தான் என்றாலும் மூத்தவர்தான். இளையவருக்குச் சிங்களம் கதைக்க வராது என்றால், கணினியில் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கொஞ்சம் பொறுங்கள். டிரைவரோடும் யார்டோடும் கதைக்க இன்னொருவரை நம்பியிருக்கிற பொறுப்பாளர் எல்லாவற்றையும் அரைகுறையாகத்தான் கேள்விப்படுவார். ஆறு மாதம் அவரை மூத்தவரோடு வெளியே அனுப்பினால் மொழி வந்துவிடும்.

அறிவிக்கிற ஒழுங்கும் முக்கியம். மூத்தவர் இதை அலுவலகக் கூட்டத்தில் மற்றவர்களோடு சேர்ந்து கேட்கக்கூடாது. இரண்டு நாளைக்கு முன்னால் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, அவருடைய கடிதத்தையும் சம்பளத்தையும் மேசையில் வைத்து, ஏன் இந்த முடிவு என்று நேரே சொல்லுங்கள். இளையவரின் பெயரை அவர் வாயால் கேட்க முடிந்தால் இன்னும் நல்லது. பல மூத்தவர்கள், கேட்டால், அந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு இளையவரோடு பேசுங்கள், அதற்கும் பிறகு எல்லாரையும் கூட்டுங்கள். அந்தக் கூட்டத்தை வருட இறுதிச் சரக்கு வரத் தொடங்குவதற்கு முன்னால் வைத்துவிடுங்கள். டிசம்பரில் புதுப் பொறுப்பாளரைப் பழக்க யாருக்கும் நேரம் இருக்காது.